பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே மாத்திரை கொடுப்பது அவசரப்படுத்துவதா?

கேள்வி இதுதான்: “எச்.ஐ.வி. இருப்பது உறுதியான அன்றே மருந்தைத் தொடங்கிவிடலாம் என்கிறார்கள். நல்ல ஆய்வுக்கூடமும் போதுமான மருத்துவர்களும் இருக்கும் இடத்தில் சரி. வசதி குறைந்த இடங்களில் ரத்தப் பரிசோதனைகளை முடித்து, கவுன்சலிங் கொடுத்து, நோயாளி மனதளவில் தயாரான பிறகு தொடங்குவதுதானே பாதுகாப்பு?”

அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி. மருத்துவ உலகமே நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தது. ஆனால் அனுபவமும் ஆய்வுகளும் காட்டியிருப்பது இதற்கு நேர்மாறு. வசதி குறைந்த இடத்தில்தான் அன்றைக்கே தொடங்குவது அதிகம் உயிர் காக்கிறது. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லி அனுப்பப்படுபவர் அடுத்த வாரம் வருவதற்கு அங்கேதான் தடைகள் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2017 ஜூலையில் தந்த வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. தொற்று உறுதியான எல்லோருக்கும் 7 நாட்களுக்குள் கூட்டு மருந்து சிகிச்சை, அதாவது ஏ.ஆர்.டி., தொடங்க வேண்டும். தயாராக இருப்பவருக்கு அன்றே கொடுக்க முன்வர வேண்டும். மூளையில் அல்லது மூளையுறையில் வேறு தொற்று இருக்குமோ என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கு மட்டும் பொறுத்திருக்கச் சொல்கிறது. அந்த விதிவிலக்கு உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

காத்திருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஓராண்டு மருந்து வாங்க 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்ன பிறகுதான் ஏழை நாடுகளுக்குக் கதவு திறந்தது. அப்போதும் எல்லோருக்கும் போதுமான மருந்து இல்லை. சாகும் நிலையில் இருப்பவருக்கே முதலில் என்று பங்கிட வேண்டியிருந்தது. அதற்கு அளவுகோலாக வந்ததுதான் சி.டி.4 எண்ணிக்கை. எதிர்ப்பாற்றலைத் தாங்கும் அந்த வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போனால் மருந்து. 2010-இல் அந்த வரம்பு 350 ஆயிற்று, 2013-இல் 500 ஆயிற்று. 2015 செப்டம்பரில் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று அறிவிக்கப்பட்டது.

பழைய மருந்துகளின் தன்மையும் ஒரு காரணம். அன்றைய மாத்திரைகள் சிலவற்றில் நரம்பு பாதிப்பு வரும், முகத்தில் கொழுப்பு கரைந்து ஆளே உருமாறிப்போவார். நடுவில் சில நாட்கள் விட்டாலும் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதனால்தான் மூன்று முறை கவுன்சலிங், வீட்டிலிருந்து ஒரு துணை, எழுதி வாங்கிய ஒப்புதல் என்று படிகள் கட்டினார்கள். மருந்து மாறியது, விலை குறைந்தது, வரம்பு போயிற்று. படிகள் மட்டும் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன. பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த ஒரு முறை, நாளடைவில் மருத்துவ அறிவாகவே மனதில் பதிந்துவிட்டது என்பது என் கருத்து.

அந்தக் காலத்தில் சி.டி.4 எண்ணிக்கை 360 வந்த ஒருவருக்குக் கிடைத்த பதிலை யோசித்துப் பாருங்கள். “நல்லாத்தான் இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க.” வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் கடன் வாங்கி வந்தவர் அதை ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வருவார்கள். திரும்பியே வராதவர்களும் உண்டு.

உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குவதால் என்ன லாபம் என்பதற்கு 2015-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் விடை தந்தன. ‘ஸ்டார்ட்’ என்ற ஆய்வில் 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் சி.டி.4 எண்ணிக்கை 500-க்கு மேல். உடனே தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடும் நோயோ மரணமோ நேரும் ஆபத்து 57 சதவீதம் குறைந்தது. ஐவரி கோஸ்ட்டில் 2,056 பேரிடம் நடந்த ‘டெம்ப்ரானோ’ ஆய்விலும் 44 சதவீதம் குறைந்தது. இதற்கு முன்பே, 2011-இல், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியிருந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியே துணைக்குப் பரவாது என்பது இன்று உறுதியான உண்மை. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த நிலையைத் தள்ளிப்போடுகிறது.

சரி, ஆரம்பத்திலேயே தொடங்குவது நல்லது என்று ஆயிற்று. அன்றைக்கே என்று ஏன் வற்புறுத்த வேண்டும்? ஒரு வாரம் பொறுத்தால் சி.டி.4 அணுக்கள் ஒன்றும் கரைந்துவிடாதே?

உண்மைதான், அணுக்கள் கரையாது. ஆள் கரைந்துவிடுகிறார். பழைய முறையில் ஒருவர் எத்தனை முறை நடக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இன்று பரிசோதனை. முடிவோடு இன்னொரு மையத்தில் பதிவு. வேறொரு நாள் சி.டி.4-க்கு ரத்தம் எடுப்பது. அதன் முடிவை வாங்க ஒரு நாள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. முதல் கவுன்சலிங், இரண்டாவது கவுன்சலிங், துணையைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது. அதன் பிறகு மருத்துவர். இதில் ஏதாவது ஒரு நாள் இயந்திரம் பழுதாக இருக்கும், அல்லது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். வீட்டில் சொல்லாதவருக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு பொய் வேண்டும். எட்டு முறை பொய் சொல்லி எட்டு நாள் சம்பளத்தை இழக்க எத்தனை பேரால் முடியும்? சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த ஒரு கட்டுரை, பாசிட்டிவ் என்று தெரிந்தவர்களில் சி.டி.4 முடிவு கைக்கு வரும்வரை நிலைத்தவர்களே நடுமதிப்பாக 59 சதவீதம்தான் என்றது. அது முதல் படி மட்டும். அதற்கப்புறமும் படிகள் இருந்தன.

இப்படி வராமல் போனவர்களை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அது மனவருத்தம் தரும் சொல். அவர் பரிசோதனைக்கு வந்தார், ரத்தம் கொடுத்தார், தன் வாழ்க்கையின் மிகக் கடினமான செய்தியை உட்கார்ந்து கேட்டார். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியில் இருந்தது. கொடுக்காமல் அனுப்பியது மையம்.

இந்த நடைகளைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் இரண்டு பொது மருத்துவ நிலையங்களில் நடந்த ஆய்வில், வேண்டிய பரிசோதனைகளை அங்கேயே முடித்து ஒரே வருகையில் மருந்து கொடுக்க முயன்ற பிரிவில் 97 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் தொடங்கினார்கள். வழக்கமான முறையில் 72 சதவீதம். பத்தாவது மாதத்தில் வைரஸ் கட்டுப்பட்டிருந்தவர்கள் ஒரே வருகைப் பிரிவில் 64 சதவீதம், வழக்கமான முறையில் 51 சதவீதம். ஹைட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில் அன்றைக்கே தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 3 சதவீதம், வழக்கமான முறையில் 6 சதவீதம். மலைநாடான லெசோத்தோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வீடு தேடிப் போய்ப் பரிசோதித்து, பாசிட்டிவ் என்றால் அந்த வீட்டிலேயே அன்றே மருந்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து வைரஸ் கட்டுப்பட்டிருந்தவர்கள் 50.4 சதவீதம். ‘மருத்துவ நிலையத்துக்கு வாருங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் அது 34.3 சதவீதம்தான்.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். லெசோத்தோவில் அன்றே மருந்து பெற்ற பிரிவிலும் பாதிப்பேருக்கு வைரஸ் கட்டுப்படவில்லை. அன்றைக்கே மருந்து கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கும் வருகிறேன்.

பரிசோதனை முடிவுகள் இல்லாமல் கொடுப்பது ஆபத்தில்லையா என்பது கேள்வியின் முதல் பாதி. எடுக்க வேண்டிய பரிசோதனை வேறு, காத்திருக்க வேண்டிய பரிசோதனை வேறு. மருந்துக்கு முன் கட்டாயம் முடிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதிதாக ரத்தம் எடுத்து, வேறொருவர் கையால், எச்.ஐ.வி. பரிசோதனையை இன்னொரு தடவை செய்து உறுதிப்படுத்துவது. பெயர்ச்சீட்டு மாறிப்போவது, மும்முரமான நாளில் பரிசோதனைப் பட்டையைத் தவறாகப் படிப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. வாழ்நாள் மருந்து என்பதால் இந்த மறுபரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. விரல் நுனி ரத்தத்தில் செய்வதால் அதே நாளில் முடித்துவிடலாம். சி.டி.4, வைரஸ் அளவு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ்-பி ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பலாம். முடிவு வந்ததும் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு, நெடுநாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவரிடம் மட்டும் கிரியேட்டினினைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு துணிவு வரக் காரணம் இன்றைய மருந்து. டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை. டி.எல்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். டோலுடெக்ராவிருக்கு எதிராக வைரஸ் எளிதில் பழகிக்கொள்வதில்லை. பழைய மருந்துகள் போல ஓரிரு வேளை தவறினால் எல்லாம் பாழ் என்ற நிலை இல்லை. தலைவலி, தூக்கக் குறைவு, எடை கூடுவது போன்றவை சிலருக்கு வரும். தூக்கம் கெட்டால் காலையில் சாப்பிடச் சொன்னால் போதும். வயிற்றெரிச்சல் மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். காசநோய்க்கு ரிபாம்பிசின் சாப்பிடுபவருக்கு டோலுடெக்ராவிர் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு வேளையாக வேண்டும். இது மறக்கப்படுவதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். 2023-இல் இந்த மாத்திரையின் விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்தது. ‘மருந்து கம்மி, அதனால் காத்திருங்கள்’ என்ற பழைய காரணம் இன்று பெரும்பாலும் பொருந்தாது.

அடுத்தது மனம். பாசிட்டிவ் என்று கேட்ட மனிதர் அடுத்த பத்து நிமிடம் சொல்லப்படும் எதையும் காதில் வாங்குவதில்லை. இது உண்மை. அதற்காக அவரை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டில் அவரோடு இருக்கப்போவது அந்தச் செய்தி மட்டும்தான். மருந்தோடு போகிறவரிடம் செய்தியும் இருக்கும், அதற்கான பதிலும் இருக்கும். முதல் நாளில் முழுப் பாடத்தையும் நடத்த வேண்டாம். இது சாவுச் செய்தி இல்லை, மாத்திரை சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம், நாளை ஏதாவது தொந்தரவு என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இவ்வளவு போதும். மீதியை அடுத்த வாரம் போனில் பேசலாம். ‘இன்று வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன்’ என்பவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அன்றைக்கே மருந்து என்பது அவருடைய உரிமை, மையத்துக்கு வைத்த இலக்கு இல்லை. யோசிக்க நேரம் கேட்பவரின் நம்பரை வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் கூப்பிட வேண்டும்.

கவுன்சலிங் என்ற பெயரில் கேட்க மறந்துபோகும் ஒரு கேள்வி உண்டு: “இந்த டப்பாவை வீட்டில் எங்கே வைப்பீங்க?” மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வரும். ஒண்டுக் குடித்தனத்தில், மாமியாரும் நாத்தனாரும் இருக்கும் ஒரே அறையில், அந்தச் சத்தத்துக்குப் பயந்து மாத்திரையைத் தொடாத பெண்கள் இருக்கிறார்கள். சிலர் உள்ளே பஞ்சை அடைத்துக்கொள்கிறார்கள். சிலர் லேபிளைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை என்கிறார்கள், சிலர் முந்தானையில் இரண்டிரண்டாக முடிந்துகொள்கிறார்கள். மருந்து கொடுப்பவர் அந்த டப்பாவுக்கு ஒரு இடம் கண்டுபிடிக்க உதவினால், அது ஒரு மணி நேர உபதேசத்தைவிட அதிகம் பயன்படும்.

இப்போது அந்த விதிவிலக்கு. எச்.ஐ.வி. முற்றியவர்களைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையில் குடியேறும். இப்படிப்பட்டவருக்கு உடனே ஏ.ஆர்.டி. கொடுத்தால், தூங்கிக் கிடந்த எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு கிருமி இருக்கும் இடத்தை மூர்க்கமாகத் தாக்கும். நிணநீர்க் கட்டியில் அது நடந்தால் வீங்கும், வலிக்கும், வற்றும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இந்தத் தொற்றுக்குச் சிகிச்சை தொடங்கிய ஓரிரு வாரத்தில் ஏ.ஆர்.டி. பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் 26 வாரத்துக்குள் இறந்தார்கள். சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். அதனால் இவர்களுக்கு முதலில் பூஞ்சை மருந்து, நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து ஏ.ஆர்.டி. என்பது விதி. மூளையுறைக் காசநோய்க்கும் இதுபோலவே பொறுக்க வேண்டும்.

இவர்களைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இயந்திரம் இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். தலைவலி எத்தனை நாளாக இருக்கிறது? காய்ச்சல் உண்டா? வெளிச்சம் கூசுகிறதா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா? வீட்டில் யாராவது ‘இவர் பேச்சு முன்போல இல்லை’ என்று சொன்னார்களா? மோவாயை நெஞ்சில் தொடவைக்கச் சொன்னால் கழுத்து வளைகிறதா? இவ்வளவையும் மூன்று நிமிடத்தில் கேட்டுப் பார்த்துவிடலாம். சி.டி.4 குறைந்தவர்களுக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் கிரிப்டோகாக்கஸ் பட்டைப் பரிசோதனை இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும். அறிகுறி வருவதற்கு முன்பே பூஞ்சை ரத்தத்தில் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் புளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை மூளையுறைத் தொற்று வராமல் தடுக்க முடியும். உலகில் எய்ட்ஸ் தொடர்பான மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்தப் பூஞ்சையால் என்பதை நினைத்தால், அந்தப் பட்டை இல்லாத ஏ.ஆர்.டி. மையம் என் கண்ணுக்குப் பாதி மையம்தான்.

சாதாரணக் காசநோய் சந்தேகம் மட்டும் இருந்தால்? முன்பு சளி முடிவு வரும்வரை ஏ.ஆர்.டி.யை நிறுத்திவைப்பார்கள். இப்போதைய அறிவுரை, மூளை அறிகுறி இல்லாவிட்டால் காசநோய்க்குத் தேடிக்கொண்டே ஏ.ஆர்.டி.யையும் தொடங்கச் சொல்கிறது. காசநோய் உறுதியானால் அதற்கான சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான் என்பதால் இதில் ஊசலாட்டம் கூடாது.

சி.டி.4 இனித் தேவையில்லை என்று சில இடங்களில் அந்த இயந்திரங்களை மூலையில் போட்டுவிட்டார்கள். ‘எல்லோருக்கும் சிகிச்சை’ என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு இது. யாருக்கு மருந்து என்று முடிவு செய்யத்தான் அந்த எண் வேண்டாம். யார் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிய அது கட்டாயம் வேண்டும். 200-க்குக் கீழே இருந்தால் முற்றிய நிலை. ஆள் பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று விட்டுவிட முடியாது. உகாண்டா, கென்யா, மலாவி, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த ‘ரியாலிட்டி’ ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு சி.டி.4 எண்ணிக்கை 100-க்கும் கீழே. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வெளியே சொல்லும்படி பெரிய நோய்க்குறி எதுவும் இல்லை. அந்த ஆய்வில் ஏ.ஆர்.டி.யோடு சேர்த்துக் காசநோய், பூஞ்சை, பாக்டீரியா, குடற்புழு ஆகியவற்றுக்கான தடுப்பு மாத்திரைகளையும் முதல் நாளிலிருந்தே கொடுத்தபோது 24 வாரத்தில் மரணம் 12.2 சதவீதத்திலிருந்து 8.9 சதவீதமாகக் குறைந்தது. எல்லாமே வாயால் விழுங்கும் மாத்திரைகள். எண்ணிக்கை 200-க்கு மேலா கீழா என்று விரல் நுனி ரத்தத்தில் 40 நிமிடத்தில் காட்டும் பட்டைகூட இப்போது இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் பொறுமையிழப்பேன். தொற்றோடு பிறந்து சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் பிறந்தநாளுக்குள் இறந்துவிடுகின்றன, பாதிக்கு மேல் இரண்டு வயதுக்குள். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயதுவரை இருக்கலாம் என்பதால் சாதாரணப் பட்டைப் பரிசோதனை அதற்குள் ஏமாற்றிவிடும். வைரஸையே தேடும் பரிசோதனை வேண்டும். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை அட்டையில் சொட்டவிட்டு, காயவைத்து, தூரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு திரும்பி வருவதற்குள் சில குழந்தைகள் உயிரோடு இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், பிறந்த 6 முதல் 12 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளிடம் மரணம் 76 சதவீதம் குறைந்தது. வேறெந்த வயதிலும் சில வாரங்களுக்கு இவ்வளவு மதிப்பில்லை. மருத்துவ நிலையத்திலேயே முடிவு சொல்லும் சிறிய இயந்திரங்கள் இப்போது உண்டு. 2020-இல் குழந்தைகளுக்கான 10 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் வந்தது. சிறிது தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், கசக்காது. அதற்கு முன்பிருந்த சிரப்பைக் குழந்தை துப்பத் துப்ப, மூக்கைப் பிடித்து ஊற்றிய தாய்மார்களிடம் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். இருந்தும் 2023-இல் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களில் 77 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தபோது குழந்தைகளில் 57 சதவீதம்தான்.

கர்ப்பிணிகளுக்கும் நாட்கணக்குதான் முக்கியம். கடைசி மூன்று மாதத்தில் தொற்று தெரியவந்த பெண்களிடம் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, டோலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் பிரசவத்தின்போது வைரஸ் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50-க்குக் கீழே இருந்தது. பழைய எபாவிரென்ஸ் மருந்தில் 43 சதவீதம்.

ஆனால் கர்ப்பிணிகளிடமிருந்துதான் கசப்பான பாடமும் வந்தது. மலாவி 2011-இல், கர்ப்பிணிக்கு பாசிட்டிவ் என்றால் சி.டி.4 பார்க்காமலே வாழ்நாள் சிகிச்சை என்று தொடங்கியது. துணிச்சலான, சரியான முடிவு. உலகமே பிறகு அதைப் பின்பற்றியது. ஆனாலும் கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள், நோய் முற்றித் தொடங்கிய பெண்களைவிட, முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. ஆறு மாதத்தில் 17 சதவீதம் பேரைக் காணவில்லை. குழந்தை உண்டானதைப் பார்க்க வந்தவள், உடம்பில் எந்த வலியும் இல்லாமல், கணவனிடம் சொல்லாத ஒரு டப்பாவோடு வீட்டுக்குப் போகிறாள். அவள் அதை வழியில் எறிந்துவிட்டால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே மருந்து தொடங்கிய எண்ணிக்கையை வைத்து ஒரு மையத்தை மதிப்பிடாதீர்கள். இரண்டாவது டப்பா வாங்க எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். முதல் வாரத்தில் ஒரு போன், வரவில்லையென்றால் தேடிப்போகத் தெரிந்த, தானும் எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு உதவியாளர், ஒரு மாதம் இடைவெளி விட்டு வந்தவரைத் திட்டாமல் ‘வந்தீங்களே, நல்லது’ என்று உட்காரவைக்கும் செவிலியர். அன்றைக்கே தொடங்கும் முறை நிலைப்பது இவர்களால்தான். இன்று நோய் முற்றி வருகிறவர்களில் பலர் புதியவர்கள் இல்லை, முன்பு சாப்பிட்டு இடையில் விட்டவர்கள். அவர்கள் திரும்பி வர முதல் தடை மருந்துக் கூடத்தில் கேட்கப்போகும் ஏச்சு.

மருந்து பழகிய பிறகு மாதாமாதம் வரச் சொல்வதற்கும் காரணமில்லை. மூன்று மாதம், ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008 முதல் ஆறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். முறைவைத்து ஒருவர் மருத்துவ நிலையத்துக்குப் போய் ஆறு பேருக்கும் மருந்து வாங்கி வருவார். அன்று தன் உடம்பையும் காட்டிக்கொள்வார். மருத்துவருக்காகக் காத்திருப்பதும் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கவனிப்பு மருத்துவரின் கவனிப்புக்குக் குறைந்ததில்லை என்று தென்னாப்பிரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்து 2010-இலேயே காட்டிவிட்டார்கள். செவிலியர் கையெழுத்தில் மருந்து தர அனுமதிக்காத விதி எங்காவது இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் குலைக்கக்கூடியது பணம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் முதலில் வேலையிழந்தவர்கள், மேலே சொன்ன போன் செய்பவர்களும் தேடிப்போகிறவர்களும். மருந்து கிடங்கில் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. 2023 கணக்கில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த 3 கோடியே 99 லட்சம் பேரில் சிகிச்சையில் இருந்தவர்கள் 3 கோடியே 7 லட்சம். மீதி 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எட்டக்கூடியவர்கள் அந்த ஆட்கள்தான். அதே ஆண்டில் 6,30,000 பேர் இறந்தார்கள்.

கேட்டவர் தனக்காகவோ வீட்டில் ஒருவருக்காகவோ கேட்டிருந்தால், நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பாசிட்டிவ் என்று உறுதியான மையத்திலேயே “இன்றைக்கே தொடங்க முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் என்ன காரணம், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். ஏழு நாளைத் தாண்டிய தேதி என்றால் இன்னொரு மையத்தை விசாரியுங்கள். சி.டி.4-க்கு ரத்தம் எடுத்தார்களா என்று பாருங்கள், அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். காசநோய்க்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். நாட்பட்ட தலைவலியோ, கழுத்து விறைப்போ, பேச்சில் குழப்பமோ இருந்தால் மாத்திரை வாங்குவதற்கு முன் அதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருந்து தொடங்கிய பிறகு அந்தத் தலைவலி வந்தால், அடுத்த தேதிவரை பொறுக்காமல், மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.